ஒரு பிட்டின் நீளம் 65 அடி… தெரியுமா?

உங்கள் வீட்டுக் கேபிளில் ஓடும் ஒரே ஒரு பிட் எவ்வளவு நீளம் இருக்கும் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? கடுகளவு? எறும்பளவு? பழைய 10 மெகாபிட் நெட்வொர்க் என்றால் 65 அடி! அடிதான், அச்சுப்பிழை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 1 கோடி பிட். ஆக, ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 100 நானோ விநாடி. செம்புக் கம்பியில் மின்குறி ஓடும் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். பெருக்கினால் 20 மீட்டர். பிட்டின் தலை அந்தக் கோடிக் கணினிக்குள் நுழையும்போது அதன் வால் இந்தக் கோடிக் கணினியை விட்டே கிளம்பியிருக்காது!

கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீடு வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை சரியாக 60 அடி. ஒரு பிட்டைக் காலை நீட்டிப் படுக்கவைக்க அந்த வீடு போதாது. ஆனால் மூன்று தலைமுறைக் கணினிகள் அதில் குடியிருக்கின்றன. ரேழியில் விண்டோஸ் 98. பெரியப்பா இன்றைக்கும் அதில்தான் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அமைக்கிறார். கூடத்தில் எக்ஸ்பி, அண்ணனின் கடைக் கணக்கு. மாடியில் அண்ணன் மகளின் விண்டோஸ் 10 லேப்டாப். நடுவில் ஒரு ரவுட்டரும், அதைவிட வயதான 10 மெகாபிட் ஹப் ஒன்றும். திருச்சியில் இருக்கும் எனக்கு மாதத்தில் இரண்டு தடவையாவது பெரியப்பாவிடமிருந்து போன் வரும்: “டேய், மறுபடியும் ஒண்ணோட ஒண்ணு பேசமாட்டேங்குதுடா.” அப்படிப் போய்ப் போய் நோண்டியதில் கிடைத்த அதிசயங்கள்தான் இவை.

முதல் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்புத் திரையைத் திறந்து, அடுத்த கணினி பதில் சொல்கிறதா என்று பிங் அடிப்பது. அந்தப் பிங்குக்குள் என்ன சரக்கு போகிறது, தெரியுமா? விண்டோஸ் அனுப்பும் ஒவ்வொரு பிங்கிலும் 32 பைட். அதில் இருப்பது ஆங்கில அரிச்சுவடி! ஏ, பி, சி என்று தொடங்கி டபிள்யூ வரை போகும். அங்கே சட்டென்று திரும்பி மறுபடியும் ஏ, பி, சி என்று ஆரம்பித்து ஐயில் நின்றுவிடும். எக்ஸ், ஒய், இஸட் மூன்றுக்கும் அந்த வண்டியில் சீட்டே கிடையாது.

பிங்கை எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. 1983 டிசம்பரில், நெட்வொர்க் ஏதோ மக்கர் செய்கிறதே என்று எரிச்சலில் ஏறக்குறைய 1,000 வரியில் எழுதிப் போட்ட நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியையே பெயராக வைத்தார். இது இவ்வளவு புகழ் பெறும் என்று அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 2000-ல் கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய சோனார் மட்டும் இன்னும் எல்லா வீட்டிலும் அடித்துக்கொண்டிருக்கிறது.

மூஸுக்கே ஒருவர் எழுதியனுப்பிய கதை இது. கேபிள் இணைப்பு ஒன்று விட்டுவிட்டு வேலை செய்கிறது. எது என்று தெரியவில்லை. அந்த ஆள் என்ன செய்தார்? ஒவ்வொரு பதிலும் வரும்போது கணினி வாய்விட்டு “பிங்” என்று சொல்லும்படி அமைத்தார், ஒலியைக் கூட்டினார், கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பையும் ஆட்டிக்கொண்டே போனார். எந்த இடத்தில் சத்தம் நின்றதோ அங்கே கோளாறு!

எங்கள் வீட்டில் ஸ்பீக்கருக்குப் பதில் அண்ணன் மகள். நிற்காமல் ஓடும் பிங்கைப் பார்த்துக்கொண்டு அவள் மாடியில் உட்கார்ந்தாள். நான் ரேழியிலிருந்து கேபிளைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். “வருது சித்தப்பா… வருது… வருது… போச்சு!” என் கை அப்போது ஹப்பின் மூன்றாவது துளையில் இருந்தது. ப்ளக்கின் பிளாஸ்டிக் நாக்கு எப்போதோ முறிந்திருக்கிறது. அது நழுவாமல் இருக்கப் பெரியப்பா தீக்குச்சியைச் சொருகிவைத்திருக்கிறார். குச்சி ஐப்பசி ஈரத்தில் ஊறினால் நெட்வொர்க் ஓடும், சித்திரை வெயிலில் சுருங்கினால் நிற்கும்! “பருவத்துக்குப் பருவம் வர்ற சளி மாதிரிடா இதுக்கு” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு நிஜம்!

இன்னொன்று. பிங்குக்குப் பதில் வரும்போது கடைசியில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதே இல்லை. எக்ஸ்பியும் அதற்குப் பின்வந்த விண்டோஸ்களும் 128 என்று போட்டு அனுப்பும், லினக்ஸ் 64. கூடத்து எக்ஸ்பிக்கு என்று நினைத்து அடித்த பிங்குக்கு 64 என்று பதில் வந்தால்? உள்ளே லினக்ஸ் ஓடும் வேறு ஏதோ ஒன்று அந்த எண்ணில் குந்தியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது டிவி பெட்டி. ஒரே கதவு எண்ணில் இரண்டு குடித்தனம்!

169.254 என்று தொடங்கும் முகவரியை எங்கேயாவது பார்த்தால் உற்றுப் பாருங்கள், அது ஓர் அனாதைக் கணினியின் அழுகுரல். விண்டோஸ் 98 காலத்தில் வந்த ஏற்பாடு இது. முகவரி தரவேண்டிய ரவுட்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும். யாரும் ஏன் என்று கேட்காவிட்டால், 169.254 குடும்பத்தில் ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, “இது வேற யாருக்காவது இருக்கா?” என்று அக்கம்பக்கம் விசாரித்து, இல்லையென்றால் தானே சூட்டிக்கொள்ளும். ஆக, இந்த எண்ணைக் கண்டால் கணினியைத் திறக்காதீர்கள், விண்டோஸை மறுபடி போடாதீர்கள். பெரும்பாலும் கணினிக்கு ஒன்றுமில்லை, ரவுட்டரிலோ அது வரைக்குமான பாதையிலோதான் கோளாறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கணினியும் 169.254 என்று ஒரே குரலில் ஒப்பாரி வைத்தன. ரவுட்டரின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இட்லிக்கு அரைக்கிறார்கள். யார் என்ன சொல்ல முடியும்?

ஹப்பில் ஒரு சிவப்பு விளக்கு படபடவென்று அடிக்கும். அதைக் கண்டாலே பெரியப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும். உண்மையில் அது கோளாறே இல்லை. ஹப்பில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டின் பேச்சும் முட்டிக்கொண்டு உடையும். அப்போது என்ன நடக்கும் தெரியுமா? இரண்டும் பேச்சை நிறுத்தி, ஆளுக்கொரு நாணயம் சுண்டிப்போட்ட மாதிரி ஏதோ ஒரு சிறு நேரம் காத்திருந்து மறுபடி பேசும். திரும்பவும் முட்டினால் காத்திருப்பின் எல்லை இரண்டு மடங்காகும், அப்புறம் நான்கு மடங்கு. 16 முறை முட்டியும் வழி கிடைக்காவிட்டால்தான் கைவிடும். குறுகிய ரேழியில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் விலகி விலகி வழிவிடுவார்களே, அதேதான். இந்த யோசனையின் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது! தீவு விட்டுத் தீவு ரேடியோவில் கணினிகளைப் பேசவைக்க 1971-ல் அங்கே ஓடிய அலோஹா நெட்வொர்க்கைப் படித்துத்தான், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்கால்ஃப் 1973 மே 22-ஆம் தேதி ஈத்தர்நெட்டுக்கான குறிப்பை எழுதினார்.

இனி நான் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம். மற்றதையெல்லாம் தாண்டிப் போனாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

நெட்வொர்க் கேபிளைச் சீவிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே 8 கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய 4 ஜோடி. இந்த முறுக்கு யார் யோசனை? டெலிபோன் கண்ட அதே அலெக்சாண்டர் கிரகாம் பெல்! 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கேபிளுக்கு வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியையும் ஒரே மாதிரி தாக்கும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும். எவ்வளவு எளிமை! இன்னும் கேளுங்கள்: 4 ஜோடிகளுக்கும் முறுக்கின் நெருக்கம் ஒரே அளவு இல்லை. ஒன்று நெருக்கமாக, ஒன்று சற்றுத் தளர்வாக. எல்லாம் ஒரே தாளத்தில் முறுக்கியிருந்தால் பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் ஏறிவிடும். அதனால்தான் வேண்டுமென்றே தாளத்தை மாற்றியிருக்கிறார்கள்.

சரி, நான் செய்த கூத்துக்கு வருகிறேன். ரேழிக்குப் புதுக் கேபிள் இழுத்து, கிரிம்ப்பிங் டூலை வாங்கி, நானே ப்ளக் அடித்தேன். ஆரஞ்சு ஜோடி 1, 2. பச்சை ஜோடி 3, 4. நீலம் 5, 6. பழுப்பு 7, 8. வரிசையாக, பார்க்கவே அழகாக. இரண்டு முனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் சொருகினேன். 1, 2, 3 என்று எட்டு விளக்கும் பச்சையாக அணிவகுத்தன. பிங்? உடனே பதில். கர்வத்தோடு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். தஞ்சாவூர்ப் பக்கம்கூட வந்திருக்கமாட்டேன், போன். “டேய், சின்னது போகுது, பெருசு போகமாட்டேங்குது.” பிங் என்றால் கிளிப்பிள்ளை மாதிரி பதில் சொல்கிற நெட்வொர்க், 20 மெகாபைட் பத்திரிகைக் கோப்பை அனுப்பினால் பாதியில் மூச்சு வாங்கி நிற்கிறது. நெட்வொர்க் கார்டை மாற்றினேன். டிரைவரை மாற்றினேன். ஹப்பின் எல்லாத் துளையிலும் சொருகிப் பார்த்தேன்.

குற்றவாளி யார் தெரியுமா? அந்த அழகான வரிசை! பழைய 10, 100 மெகாபிட் நெட்வொர்க் பயன்படுத்துவது 1, 2, 3, 6 ஆகிய நான்கே கம்பிகளை. அனுப்ப 1, 2. வாங்க 3, 6. நடுவில் 4-ஐயும் 5-ஐயும் ஏன் தாண்டவேண்டும்? அது டெலிபோனின் ஆசனம்! போன் லைன் எப்போதும் ப்ளக்கின் நட்ட நடுக் கம்பிகளில் வரும் என்பதால் அந்த இடத்தை அதற்கே விட்டுவைத்தார்கள். ஆகவே 3-ஆவது கம்பியும் 6-ஆவது கம்பியும் ஒரே முறுக்கின் ஜோடியாக இருந்தே தீரவேண்டும். நான் போட்ட வரிசையில் 3 பச்சை ஜோடியிலிருந்து, 6 நீல ஜோடியிலிருந்து. கணவனை ஒரு வீட்டிலிருந்தும் மனைவியை வேறு வீட்டிலிருந்தும் கூட்டிவந்து ஒன்றாக உட்காரவைத்திருக்கிறேன்! மின்சாரம் போகிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்டருக்கு இது தெரியாது; ஒவ்வொரு கம்பியும் முனைக்கு முனை சரியாகத்தானே சேர்கிறது. பெல்லின் கழித்தல் கணக்குதான் கெட்டுப்போய்விட்டது. இரைச்சல் அப்படியே உள்ளே ஏறுகிறது. சின்னப் பிங் தப்பித்துக்கொள்ளும், பெரிய கோப்பு அடிபடும்.

சரியான வரிசையை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் நீலத்தை இடுப்பில் தூக்கிவைத்தாற்போல் நிற்கும். ப்ளக்குக்குள் நுழையும்முன் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதும் விதி; நான் இரண்டு அங்குலம் பிரித்து இஸ்திரி போட்ட மாதிரி நீவிவிட்டிருந்தேன். இன்னொரு வேடிக்கை: நாம் எல்லோரும் ஆர்ஜே 45 என்று கேட்டு வாங்கும் அந்த ப்ளக் கறாராகப் பார்த்தால் ஆர்ஜே 45-ஏ இல்லை! அசல் ஆர்ஜே 45 டெலிபோன் கம்பெனிகளின் வேறொரு இணைப்பு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த நான்கு கம்பிக் கணக்கு எலி விஷயத்திலும் கைகொடுத்தது. மாடிக்குப் போகும் கேபிளில் எலி நீலத்தையும் பழுப்பையும் கடித்துத் துப்பியிருந்தது. புது லேப்டாப் ஜிகாபிட். அதற்கு 8 கம்பியும் வேண்டும். அது மினுக்கி மினுக்கிப் பார்த்துவிட்டுத் தோற்றது. அதே கேபிளில் பழைய 100 மெகாபிட் எக்ஸ்பியைக் கொண்டுபோய்ச் சொருகினேன், சொகுசாக ஓடியது! கிழவனுக்குப் பல் குறைவு என்பதால் முறுக்கு உடைந்திருப்பதே தெரியவில்லை.

பேய் பிடித்த கணினி பார்த்திருக்கிறீர்களா? அணைத்துவிட்டு அரைமணி நேரம் ஆகியும் பழைய விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் அதன் பெயர் உயிரோடு சிரிக்கும், தட்டினால் பிழை. எதிரே கண்முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பெயரோ இருக்காது. இதற்குப் பின்னால் ஒரு பொதுத்தேர்தலே நடக்கிறது! ஒரே குழுவில் உள்ள கணினிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். எது உயர்ந்த வகை விண்டோஸ் என்பது முதல் தகுதி. 98-ஐ எக்ஸ்பி எப்போதும் வென்றுவிடும். அதில் சமம் என்றால் எது ரொம்ப நேரமாக விழித்திருக்கிறது. அதிலும் சமம் என்றால்? பெயரின் அகரவரிசை! ஜெயித்தவர்தான் ஊர்ப் பெயர்ப்பட்டியலுக்குப் பொறுப்பு. மற்றவர்கள் 12 நிமிடத்துக்கு ஒரு தடவை “நான் இருக்கேன்” என்று குரல் கொடுக்கவேண்டும். மூன்று முறை குரல் வராவிட்டால்தான் தலைவர் பெயரை அடிப்பார். அதற்கே 36 நிமிடம். துணைப்பட்டியல் வைத்திருப்பவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தலைவரிடம் வந்து நகல் எடுப்பார். கூட்டினால் 51. செத்த கணினி பட்டியலில் 51 நிமிடம் வரை வாழலாம்!

இதில் எங்கள் ஊர் மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவர் பொறுப்பை ஒப்படைக்காமலே பொசுக்கென்று போய்விடுவார். மின்சாரம் வந்ததும் கணினிகள் ஒரே நேரத்தில் கண்விழித்து, பட்டியல் யாரிடம் என்று தெரியாமல் விழிக்கும். இந்த நேரத்தில் எதையாவது சரிசெய்கிறேன் என்று இறங்கினால் நல்லா இருப்பதையும் கெடுப்பீர்கள். நான் கண்ட வழி, பட்டியலை நம்பாமல் இரண்டு சாய்கோடு போட்டுக் கணினியின் பெயரை நேரே அடித்து நுழைவது. அதுவும் முடியாவிட்டால் ஒரு காபி. 51 நிமிடத்துக்கு இரண்டு காபி.

அதிகபட்சம் 15 எழுத்துதான் அந்தப் பெயர்களுக்கு. 16-ஆவது இடத்தை, அந்தக் கணினி என்ன சேவை தருகிறது என்று குறித்துக்கொள்ள விண்டோஸ் தனக்கு வைத்துக்கொள்ளும். ‘ஸ்ரீகும்பேஸ்வரர்துணை’ என்று ஆங்கிலத்தில் நீட்டி முழக்கிப் பெயர் வைக்கப் பார்த்த பெரியப்பாவை ‘ரேழி’யோடு நிறுத்தினேன்.

விண்டோஸ் 95-க்கும் 98-க்கும் ஆயுள் ரேகை உண்டு, தெரியுமா? 49.7 நாள்! கணினி கண்விழித்ததிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டே வரும். 429 கோடியைத் தாண்டும்போது எண் நிரம்பி மறுபடியும் பூஜ்யம். அத்தோடு கணினி உறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. ஏனென்றால் அவ்வளவு நாள் தொடர்ந்து நின்று ஆடிய விண்டோஸ் 95 அபூர்வம். கும்பகோணத்தில் 49 நாள் கரண்ட் போகாமல் இருந்ததும் அபூர்வம்தான். அதனால் எங்கள் ரேழிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

கூடத்து எக்ஸ்பியில் ஒருநாள் பாதுகாப்பான தளம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பிங் போகிறது, மற்ற இரண்டு கணினியிலும் எல்லாம் சுகம். அண்ணன் இன்டர்நெட்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன்: 2003 ஜனவரி 1. தாய்ப்பலகையில் இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தளமும் காட்டும் அடையாளச் சான்றிதழில் ‘இந்தத் தேதியிலிருந்து செல்லும்’ என்று ஒரு வரி உண்டு. 2003-ல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ்கள் ஒன்றுகூட இன்னும் பிறக்கவே இல்லை! பிறக்காதவனை எப்படி உள்ளே விடுவது? பேட்டரி போட்டதும் இன்டர்நெட் வந்தது. அந்தப் பேட்டரியின் பெயரிலேயே ஓர் அதிசயம்: சிஆர் 2032. விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். கடையில் அளந்து பார்த்தே வாங்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வைஃபை மட்டும் கண்ணில் படவில்லை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 13 சேனல் வரை உண்டு. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பழைய கார்டுகள் பலவற்றுக்கு 11-க்கு மேல் எண்ணத் தெரியாது! எங்கள் ரவுட்டர் தானாகவே 13-இல் போய் உட்கார்ந்திருந்தது. 6-க்கு மாற்றினேன். தீர்ந்தது.

கேபிளும் இல்லாமல் வைஃபையும் இல்லாமல் ஒரு லேப்டாப் பக்கத்து லேப்டாப்பைக் கவிழ்க்க முடியுமா? கவிழ்த்திருக்கிறது! ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டின் வீடியோவை ஓட்டினால் எக்ஸ்பி காலத்துச் சில லேப்டாப்கள் நின்றுபோயின. பாட்டை ஓட்டாமல் சும்மா பக்கத்தில் இருந்த லேப்டாப்பும் நின்றது. அதிலிருந்த 5,400 சுற்று ஹார்ட் டிஸ்கின் இயல்பான அதிர்வும் பாட்டின் ஓர் ஒலியும் ஒத்துப்போய்விட்டன. லேப்டாப் செய்தவர்கள் அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டும் ஏற்பாட்டைச் சேர்த்துத்தான் தப்பித்தார்கள். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022-ல் இதை எழுதியபிறகு, பாட்டுக்கே பாதுகாப்புக் குறைபாட்டுப் பட்டியலில் ஓர் எண் கொடுத்துவிட்டார்கள்.

எறும்பும் இந்தக் கதையில் உண்டு. மழைக்காலத்தில் எங்கள் ஹப்பின் பின்னால் பிசிறிய மணல் கண்டு திறந்தால், உள்ளே ஒரு கிராமம். வெதுவெதுப்பு, ஈரமில்லாத இடம், வேறென்ன வேண்டும்! அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் ‘பைத்தியக்கார எறும்பு’ என்றே பெயர் வாங்கிய ஓர் இனம் இருக்கிறது. மின்பெட்டிக்குள் ஒன்று ஷாக் அடித்துச் சாகும்போது ஆபத்து வாசனையை வெளிவிடும். அந்த வாசனைக்கு உதவிக்கு ஓடிவரும் மற்றவையும் சாகும், இன்னும் வாசனை, இன்னும் கூட்டம். கடைசியில் பெட்டியே ஷார்ட் ஆகிவிடும். எங்கள் எறும்புகள் நிதானமானவை. தூரிகையால் தள்ளியதும் போய்விட்டன.

பெரியப்பா ஒருநாள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. ரேழியில் அமைத்த பத்திரிகையை மாடி லேப்டாப்பில் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ என்பதற்குப் பதில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக. “ஏண்டா, வர்ற வழியில கேபிள்ல எழுத்து எங்கேயாவது சிந்திப்போச்சா?” ஒரு எழுத்தும் சிந்தவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் நாற்காலிகளில் தமிழைக் குடிவைத்தவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ், இல்லாத கணினியில் நாற்காலிச் சொந்தக்காரனின் முகம். ஆளுக்கொரு ஏற்பாடாக இருந்த இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-ல் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடி விசைப்பலகையும் குறியீடும் வகுத்தது. தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் கிடைத்துவிட்டாலும், விண்டோஸில் அது குடியேறியது விண்டோஸ் 2000-த்தில்தான். எங்கள் 98 அதற்கு முந்தின பிறவி. அந்தப் பழைய எழுத்துருக்களுக்காகவே அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறோம்; தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை அச்சகங்களின் மூலையில் இப்படி ஒரு 98 தூசு தட்டப்பட்டு உயிரோடு இருக்கிறதோ!

கடைசியாக, 98-உம் மாடி லேப்டாப்பும் நேருக்கு நேர் பேசவே பேசாது என்ற கட்டம் வந்தது. கோளாறு தேடாதீர்கள், இது கோளாறு இல்லை, ஊரடங்கு. பழைய விண்டோஸ்கள் கோப்பு பகிரும் மொழி எஸ்எம்பியின் முதல் பதிப்பு. எக்ஸ்பிக்கும் அதைவிட்டால் வேறு தெரியாது. 2017 மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற தீநிரல் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் சுமார் 150 நாடுகளில் புகுந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு கைகழுவிய எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசர ஒட்டு வெளியிடவேண்டிய நிலை. 2017 அக்டோபரிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் அந்த மொழியே கிடையாது. திரும்பப் போட்டுக்கொள்ளலாம்தான். வேண்டாம் என்பேன், ஒரு கல்யாணப் பத்திரிகைக்காகக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவானேன்? பென் டிரைவ்? தனியாக டிரைவர் போடாவிட்டால் விண்டோஸ் 98-க்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது!

அப்புறம் எப்படி? இங்கேதான் ஒரு தாத்தா வந்தார். கோப்பு அனுப்பும் பழைய நெறிமுறை, எஃப்டிபி! அதை எழுதியவர் யார் தெரியுமா? அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்தவர், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில், ஆர்எஃப்சி 114 என்ற எண்ணில் எழுதிய குறிப்பு அது. ஈத்தர்நெட்டைவிட இரண்டு வயது மூத்தது. பிங்கைவிட 12. இன்று நெட்வொர்க் என்றாலே நாம் சொல்லும் டிசிபி/ஐபிக்கு, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட் முழுசாக மாறியது 1983 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்கும் மூத்தவர் இவர்! விண்டோஸ் 98-இன் கறுப்புத் திரையிலேயே எஃப்டிபி இருக்கிறது, ஒன்றும் புதிதாகப் போடவேண்டாம். மாடி லேப்டாப்பில் ஒரு சின்ன எஃப்டிபி சர்வர் நிரலை ஏற்றினேன். பாஸ்வேர்டை ஒளிவுமறைவில்லாமல் அனுப்பும் பழங்காலத்து மனுஷர் என்பதால் வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை.

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். முதலில் ‘பைனரி’. உரைமுறையில் போனால் வரிமுடிவுகளைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கோப்பைக் கெடுத்துவிடக்கூடும். அப்புறம் ‘புட்’, கோப்பின் பெயர். ஹப்பில் பச்சை விளக்கு ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு பிட்டும் 65 அடி. தலை கூடத்தில், வால் ரேழியில். “வந்துடுச்சு தாத்தா! மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு எல்லாம் இருக்கு!” என்று மாடியிலிருந்து குரல். எழுத்துருவை அவளுக்கு முன்பே ஏற்றிக்கொடுத்திருந்தேன்.

முடிக்க என்ன அடிக்கவேண்டும் என்று கேட்டார். ‘பை’ என்றேன். அடித்தார். 221 என்று எண் போட்டு அந்தப் பக்கமும் விடை சொல்லியது.

“பாருடா, போறேன்னு சொல்லுது” என்றார் பெரியப்பா. “போயிட்டு வரேன்னு சொல்லக் கத்துக்குடு.”